எல்லா வேலைக்கும் ஒரே நாய்: வேட்டை நாய் வளர்ப்பில் இறங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று நாய்க்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தண்ணீரைப் பார்த்து ஒரு வெடி வெடித்துவிட்டு நாயை அனுப்புகிறேன். அது நாணலுக்குள் நீந்திப் போய் மறைகிறது. அதன் பிறகு 10 நிமிடம் எனக்கு அங்கே வேலையே இல்லை. நாணல் தலைகள் ஆடுவதை வைத்து எந்தப் பக்கம் போகிறது என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். இது வேட்டை நாய்களுக்கான தேர்வு; பக்கத்தில் நடுவர்கள் பேசாமல் நிற்கிறார்கள். அடிக்கடி கரைக்குத் திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்கிற நாய்க்கு மதிப்பெண் குறையும். அதே நாய் மதியம் புல்வெளியில், மூக்குக்கு முன்னால் பறவை எழுந்து பறந்தாலும், நான் சொல்லும்வரை ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. காலையில் சொல்லாமலே செய்ய வேண்டும். மதியம் சொல்லாமல் செய்யக் கூடாது.

பறவையை மோப்பம் பிடித்து அசையாமல் நின்று காட்டுவது (பாயிண்ட் என்பது இதைத்தான்), சுட்டதை நிலத்திலும் தண்ணீரிலும் எடுத்து வருவது, காயம்பட்டு ஓடியதைத் தடம் பிடித்துக் கண்டுபிடிப்பது ஆகிய மூன்றையும் செய்யும் நாயைத்தான் பன்முக வேட்டை நாய் என்கிறோம். ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர், விஸ்லா, வைமரனர், புடெல்பாயிண்டர், கோர்தல்ஸ் கிரிஃபான் எல்லாம் இந்தக் கூட்டம்தான். நான் வளர்ப்பது கம்பி போன்ற முடியும் தாடியும் உள்ள டிராட்ஹார் வகை. இங்கே அமெரிக்காவின் மின்னசோட்டாவில் அக்டோபர் கடைசியில் தண்ணீர் உறையத் தொடங்கும்போது அந்த முடியின் அருமை தெரியும்.

இந்த நாய்கள் உருவானதற்கு ஒரு காரணம் உண்டு. பிரபுக்கள் காலத்தில் பாயிண்ட் பண்ண ஒரு நாய், எடுத்து வர ஒரு நாய், மான் துரத்த ஒரு கூட்டம் என்று கொட்டில் நிறைய வைத்திருந்தார்கள். ஜெர்மனியில் 1848 புரட்சிக்குப் பிறகு வேட்டை உரிமை நிலம் வைத்திருந்தவர்கள் கைக்கு வந்தது. சாதாரண விவசாயிக்கும் வனக்காவலருக்கும் ஐந்து நாய்களுக்குச் சோறு போட வசதி ஏது? ஒரே நாய் எல்லாம் செய்ய வேண்டியதாயிற்று. அதை முறைப்படுத்த 1899-இல் வேட்டை நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு அங்கே உருவானது. டிராட்ஹார் சங்கம் 1902-இல் வந்தது. வட அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் நாவ்டா என்ற சங்கம் 1969-இல் தொடங்கியது. மூன்று அமைப்புகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: நாயை அழகுக்கு அல்ல, வேலைக்குச் சோதித்து, அந்த முடிவை வைத்து இனம் பெருக்குவது.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே காட்டு முயலைப் பிடித்தாலும் குற்றம். இந்தக் குறிப்பு வேட்டைக்கு உரிமம் தரும் நாடுகளில் இருப்பவர்களுக்கானது. நம்மூர்ச் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள். அவற்றின் வேலையும் வேறு, வளர்க்கும் முறையும் வேறு.

முதல் படி: நாய் வாங்காமல் இருங்கள்

குறைந்தது இரண்டு வேட்டைப் பருவம் நாய் இல்லாமல் மற்றவர்களோடு போங்கள். பறவை எங்கே படுக்கும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் நாய் எப்படித் திரும்பும் என்பதெல்லாம் பார்த்துத்தான் பிடிபடும். உரிமமும் பயிற்சிச் சான்றிதழும் இல்லாமல் எதுவும் நடக்காது. மின்னசோட்டாவில் 1979-க்குப் பிறகு பிறந்தவர்கள் பொதுவாகத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தால்தான் வேட்டை உரிமம் வாங்க முடியும். வாத்துக்குத் தனியாக மத்திய அரசின் முத்திரை (டக் ஸ்டாம்ப்) வாங்க வேண்டும், ஈயக் குண்டும் கூடாது. நம் ஆட்களில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். நண்பருடைய துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் உங்கள் நிலை என்ன என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், பக்கத்து நாவ்டா கிளையின் சோதனை நாட்களுக்குப் போய்ப் பறவைக் கூண்டு தூக்குங்கள். உதவிக்கு ஆள் எப்போதும் குறைவு, யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஒரே நாளில் பல குட்டிகள் வேலை செய்வதைப் பார்க்கலாம். நடுவர் என்ன எழுதப்போகிறார் என்று நீங்களே மனத்துக்குள் மதிப்பெண் போட்டு, அவர் வாசிக்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கணக்கு அவர் கணக்கோடு ஓரளவு ஒத்துப்போகத் தொடங்கிய பிறகு குட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாம் படி: முதல் பெட்டை

இனம் பெருக்கும் எண்ணம் இருந்தால் முதலில் பெட்டையைத்தான் வாங்க வேண்டும். கடுவன் (ஆண் நாய்) எங்கிருந்தாலும் தேடிப் போய்ச் சேர்க்கலாம். நல்ல பெட்டை விலைக்கு வருவது அபூர்வம்.

வளர்ப்பாளரிடம் போனதும் எல்லோரும் கேட்பது தாய் என்ன பரிசு வாங்கியது, தகப்பன் என்ன பரிசு வாங்கியது என்று. அதைவிட முக்கியமான கேள்வி: தாயோடு ஒரே ஈற்றில் பிறந்தவை எத்தனை, அவற்றில் எத்தனை சோதனைக்கு வந்தன, எப்படிச் செய்தன? பத்துக் குட்டியில் ஒன்று பிரமாதமாகச் செய்து, மற்ற ஒன்பதும் சோதனைக்கே வராமல் இருந்தால், அந்த ஒன்று திறமையான பயிற்சியாளர் கையில் விழுந்த நாயாக இருக்கலாம். பத்தில் எட்டு வந்து எட்டும் சுமாருக்கு மேலே செய்திருந்தால், அந்த இரத்தத்தில் சரக்கு இருக்கிறது. வளர்ப்பாளரை அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற கோப்பையை வைத்து எடை போடாதீர்கள், ஈற்றை வைத்து எடை போடுங்கள். நானும் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

இரண்டு பாதை உண்டு. ஜெர்மன் சங்கத்தின் விதிக்கு உட்பட்ட டிராட்ஹார் என்றால் இளம் நாய்த் தேர்வு, இலையுதிர்காலத் தேர்வு, உடலமைப்பும் முடியும் பற்றிய மதிப்பீடு, இடுப்பு எக்ஸ்ரே எல்லாம் முடிந்தால்தான் குட்டி போட அனுமதி. நீங்கள் ஆசைப்பட்டாலும் சங்கம் விடாது. அதே மூலத்திலிருந்து வந்து, அமெரிக்கக் கென்னல் கிளப் 1959-இல் பதிவுக்கு ஏற்ற ஜெர்மன் வயர்ஹேர்டு பாயிண்டர் என்றால் அந்தக் கட்டாயம் கிடையாது. உங்களுக்கு நீங்களே கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவருக்கு ஜெர்மன் கெடுபிடியே நல்லது என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டைக்கு வருகிற நண்பர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாம் படி: முதல் 16 மாதம்

குட்டி 8 வாரத்தில் வீட்டுக்கு வரும். உட்கார், படு என்று அடக்குவதற்கு அவசரம் இல்லை. முதலில் ஆசையைத் தூண்டி விட வேண்டும்.

எடுத்து வருவதை வீட்டு நடைபாதையிலேயே தொடங்கலாம். கதவுகளைச் சாத்திவிட்டு ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டிப் போடுங்கள். எடுத்தால் திரும்பி வர உங்களைத் தவிர வேறு வழி இல்லை. மூன்று தடவை போதும். நாலாவது வேண்டும் என்று அது துடிக்கும்போதே நிறுத்திவிடுங்கள். தூண்டில் கம்பில் இறகைக் கட்டி ஆட்டினால் குட்டி பாயிண்ட் பண்ணும், படம் எடுக்க நன்றாக இருக்கும். இரண்டு நாளுக்கு மேல் அந்த விளையாட்டு வேண்டாம். அது கண்ணால் நிற்கப் பழகும், நமக்கு வேண்டியது மூக்கு.

தண்ணீருக்கு வெயில் காலம், மெதுவாகச் சரியும் கரை. நீங்கள் முதலில் இறங்குங்கள். குட்டியைத் தூக்கிப் போட்டால் நீந்தத்தான் செய்யும், ஆனால் மறுநாள் கரையிலேயே நின்றுவிடும்.

பறவைக்குப் புறா. ரிமோட்டை அழுத்தினால் திறக்கும் பெட்டியில் புறாவை வைத்துப் புல்லுக்குள் மறைத்து, காற்றுக்கு எதிர்ப் பக்கமாகக் குட்டியைக் கொண்டுவர வேண்டும். வாசனை பிடித்து நின்றால் பேசாமல் இருங்கள். முன்னே நகர்ந்தால் பெட்டியைத் திற, புறா பறந்துவிடும். குட்டி ஒரு புறாவைக்கூடப் பிடித்துவிடக் கூடாது. நகர்ந்தால் பறவை போய்விடுகிறது என்பதைப் பறவையே அதற்குக் கற்றுக்கொடுக்கும். கயிற்றை இழுத்து, அதட்டி நிற்க வைப்பது இந்த வயதில் வேண்டாம்.

துப்பாக்கிச் சத்தத்தில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். என் முதல் நாய் ஒரு கடுவன். ஐந்து மாதம் இருக்கும்போது, களிமண் தட்டுகளைச் சுடும் மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மரத்தில் கட்டிவிட்டேன், சத்தம் பழகட்டும் என்று. அரை மணி நேரம் வெடித்தார்கள். அன்றைக்கு மாலையில் பாத்திரம் விழுந்த சத்தத்துக்கே அது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது. அதைச் சரிசெய்ய ஒரு குளிர்காலம் முழுதும் போராடினேன், பாதிதான் திரும்பி வந்தது. சரியான முறை இது: குட்டி பறக்கும் புறாவைத் துரத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது, 100 மீட்டர் தள்ளி நிற்கும் உதவியாளர் ஒரு முறை மட்டும் சின்னத் துப்பாக்கியை வெடிக்க வேண்டும். குட்டி கண்டுகொள்ளவில்லை என்றால் அடுத்த நாள் கொஞ்சம் கிட்டே. காதைத் திருப்பினால் மறுபடியும் தூரம். பறவை இல்லாமல் வெடிச்சத்தமே கூடாது. அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 பட்டாசுக்குக் குட்டியை வெளியே கொண்டு போகவும் கூடாது.

அந்தக் கடுவன் சோதனையில் பரிசுத் தரம் பெறவில்லை. வெடிக்கு அஞ்சி ஒதுங்கும் நாய்க்குப் பரிசு கிடையாது. அதைவிட வருத்தம், அந்த முடிவு என் பெயரில் மட்டும் நிற்கவில்லை. நாயை எனக்குக் கொடுத்தவரின் ஈற்றுக் கணக்கிலும் ஏறியது. நான் கெடுத்த நாய், அவர் பிறப்பித்த குறை மாதிரி அங்கே பதிவாகிவிட்டது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுத்த ஈற்றில் எனக்குக் குட்டியும் தரவில்லை.

நாவ்டாவின் இயற்கைத் திறன் தேர்வுக்கு 16 மாதத்துக்குள் போக வேண்டும். மொத்தம் 112 மதிப்பெண், அதில் 24 மூக்குக்கு. தேடல், தண்ணீர், பாயிண்ட், தடம் பிடித்தல், வேலையில் ஆர்வம், ஒத்துழைப்பு ஆகியவை மீதி. கீழ்ப்படிதலுக்குத் தனி மதிப்பெண் இல்லை. பழக்கியதைப் பார்க்க வரவில்லை, பிறப்பில் வந்ததைப் பார்க்க வந்திருக்கிறார்கள். ஜெர்மன் இளம் நாய்த் தேர்வில் முயல் தடம் உண்டு. முயல் ஓடி மறைந்த பிறகு, கண்ணுக்குத் தெரியாத அதன் தடத்தை நாய் மூக்காலேயே தொடர வேண்டும். ஒரு நாயின் பொறுமையை இதைவிட அப்பட்டமாகக் காட்டும் சோதனையை நான் பார்த்ததில்லை.

நான்காம் படி: இரண்டாம் ஆண்டு, பழக்கும் ஆண்டு

இப்போதுதான் கட்டுப்பாடு. இடுப்பு உயர மேசையில் நாயை நிறுத்தி, மரத்துண்டை வாயில் வாங்கிப் பிடித்துக்கொள்ளப் பழக்குவதில் தொடங்குவார்கள். பிடி, வைத்திரு, கொடு. தரையில் கிடப்பதை எடு, நடந்து வா, பிறகு செத்த புறா, பிறகு வாத்து. காதைத் திருகி வலி கொடுத்துச் சொல்லிக்கொடுப்பது பழைய வழி. எனக்கு அது இல்லாமலே ஆறு முதல் எட்டு வாரத்தில் வேலை முடிந்திருக்கிறது. தினமும் 10 நிமிடம், ஒரு நாளும் தவறாமல். தவறினால் முடியாது.

இதன் உச்சம் நாவ்டாவின் 204 மதிப்பெண் பயன்பாட்டுத் தேர்வு. நான் தொடக்கத்தில் சொன்ன வாத்துத் தேடல் இதில்தான் வரும். ஜெர்மன் இலையுதிர்காலத் தேர்வில் முயலை 300 மீட்டரும் பறவையை 150 மீட்டரும் இழுத்துக்கொண்டு போய் மறைவில் வைப்பார்கள். நாய் தனியாகத் தடம் பிடித்துப் போய் எடுத்து வர வேண்டும். அங்கே யாரும் அதைப் பார்த்துக் கத்தப் போவதில்லை, எடுக்காமல் மோந்துவிட்டுத் திரும்பி வரலாம். எடுத்து வருகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கும் மேலே இரண்டு நாள் நடக்கும் பெரிய தேர்வு. கால் லிட்டர் இரத்தம் மட்டும் சொட்டிய 400 மீட்டர் தடம், வாயில் நரியைக் கவ்விக்கொண்டு வேலி தாண்டுதல் எல்லாம் அதில் உண்டு. அது வரை போகாமலும் நல்ல வளர்ப்பாளராக இருக்கலாம்.

வேட்டைக் காலத்தில் புல்லின் முள்விதைகளைக் கவனியுங்கள். மூக்கு, காது, விரலிடுக்கு வழியே உள்ளே போய் மாதங்கள் கழித்துச் சீழ்க்கட்டியாக வெளிவரும். ஒவ்வொரு நாள் முடிவிலும் நாயைச் சீப்பால் வாரித் தடவிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: பெருக்கலாமா, வேண்டாமா

அமெரிக்காவில் ஓஎஃப்ஏ என்ற அமைப்பு 24 மாதம் ஆன பிறகுதான் இடுப்பு எக்ஸ்ரேவுக்கு இறுதித் தரச்சான்று தரும். அதற்கு முன் இணை சேர்க்காதீர்கள். இந்த இனத்தில் இரத்தம் உறையாமல் போகும் வான் வில்லிபிராண்டு குறைபாட்டுக்கு மரபணுச் சோதனை உண்டு. குறைபாட்டைச் சுமக்கிற இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்கு நோய் வரும். ஒன்று சுமப்பது, ஒன்று சுத்தம் என்றால் நோய் வராது. ஆகவே சுமக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல பெட்டையை ஒதுக்கத் தேவையில்லை.

கடுவனைத் தேர்வதற்கு ஒரே விதி: உங்கள் பெட்டைக்கு எது குறைவோ அதில் கடுவன் மட்டும் அல்ல, அதன் உடன்பிறப்புகளும் தேறியிருக்க வேண்டும். உறவு ரொம்ப நெருக்கமாக வேண்டாம். அரை உடன்பிறப்புகளைச் சேர்த்தால் குட்டிகளின் உள்ளினக் கணக்கு (பொதுவான முன்னோரிடமிருந்து ஒரே மரபணு இரு பக்கமிருந்தும் வருவதற்கான வாய்ப்பு) 12.5 சதவீதம், ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளைச் சேர்த்தால் 6.25. ஆறுக்குக் கீழே இருப்பதையே நான் விரும்புகிறேன்.

ஆறாம் படி: சேர்ப்பதிலிருந்து எட்டு வாரம்

பெட்டை பருவத்துக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே புரொஜெஸ்டரோன் இரத்தச் சோதனையைத் தொடங்குங்கள். அளவு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமைத் தொடும்போது சினைமுட்டை வெளிவருகிறது, அதிலிருந்து இரண்டாம் நாள் சேர்க்கலாம். அதற்கு முன் இரண்டு நாய்க்கும் புரூசெல்லா (கருச்சிதைவை உண்டாக்கும் தொற்று) சோதனை கட்டாயம். சினைமுட்டை வெளிவந்த நாளிலிருந்து ஈனுவதற்குச் சுமார் 63 நாள். 55-ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தால் தலைகளை எண்ணலாம்.

உடல் வெப்பம் சட்டென்று 37 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால் ஒரு நாளுக்குள் ஈனும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, அல்லது முதல் குட்டிக்கு முன்பே பச்சை நீர் வருகிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். குட்டிகளுக்குக் குளிர் பெரிய ஆபத்து. பெட்டிக்குள் முதல் வாரம் 30 டிகிரி இருக்கட்டும். தினமும் எடை போடுங்கள். ஒரு நாள் எடை கூடாத குட்டியைக் கவனியுங்கள், குறைந்தால் உடனே புட்டி. வால் நறுக்குவதாக இருந்தால் முதல் சில நாட்களுக்குள் மருத்துவர் கையால். கண் 10 முதல் 14 நாளில் திறக்கும். பூச்சி மருந்து இரண்டாம் வாரத்திலிருந்து.

மூன்று வாரத்துக்குப் பிறகுதான் வளர்ப்பாளரின் உண்மையான வேலை. மரக்கட்டை, இரும்புக் கம்பி வலை, சரளைக்கல் என்று காலுக்கு வேறு வேறு தரை. தட்டு விழும் சத்தம், கதவு அடிக்கும் சத்தம். கணுக்கால் ஆழத்தில் தண்ணீர்த்தொட்டி. காடை இறகை இழுத்துப் போன தடம். யார் முதலில் மூக்கைக் கீழே வைத்தது, யார் தண்ணீரைத் தாண்டாமல் சுற்றிப் போனது என்று எழுதி வையுங்கள். ஏழாம் வாரத்தில் செய்யும் ஆளுமைத் தேர்வில் நாயின் எதிர்காலமே தெரியும் என்பார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றைக்கு யார் தூங்கி எழுந்தது, யாருக்கு வயிறு நிறைந்திருக்கிறது என்பதுதான் அதில் தெரிகிறது.

ஏழாம் படி: குட்டிகளைக் கொடுப்பது

ஜெர்மன் வழக்கப்படி முதல் ஈற்றில் எல்லாப் பெயரும் 'ஏ' (A) எழுத்தில் தொடங்கும், அடுத்ததில் 'பி' (B). என் தலையீற்றுக் குட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை வேட்டைக்குப் போகாத ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தேன். அன்பாக வளர்த்தார்கள், சோதனைக்கு வரவே இல்லை. அந்த ஈற்றைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதில் பாதி அதோடு போய்விட்டது. இப்போது ஒப்பந்தத்தில் மூன்று வரி இருக்கிறது: 16 மாதத்துக்குள் சோதனை, இரண்டு வயதில் எக்ஸ்ரே, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எந்த வயதிலும் என்னிடமே திருப்பித் தருவது. சோதனைக்கான நுழைவுக் கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன். குட்டி வாங்க வருகிறவரிடம் துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றி நானே அரை மணி நேரம் பேசுகிறேன். களிமண் தட்டு மைதானக் கதையையும் சொல்கிறேன்.

பணக் கணக்கு கேட்பவர்களுக்கு: கடுவன் கட்டணம், சோதனைகள், மருத்துவர், பயணம், இரண்டு மாதத் தூக்கம் எல்லாம் கழித்துப் பார்த்தால் என் இரண்டு ஈற்றிலும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு முறை அறுவை நடந்தால் கையைக் கடிக்கும்.

'பி' ஈற்றில் ஒன்பது குட்டிகள். ஏழு சோதனைக்கு வந்தன. மூக்கும் பாயிண்டும் எல்லாவற்றுக்கும் நன்றாக இருந்தன. தண்ணீரில் நாலு தயங்கின. தாய் வாத்துத் தேடலில் முழு மதிப்பெண் வாங்கியவள், கடுவனும் அப்படித்தான். அதே ஜோடியை மறுபடி சேர்த்தால் முன்பணம் தர ஐந்து பேர் தயாராக இருந்தார்கள். அந்த ஐந்து பேருக்கும் இல்லை என்று எழுதிவிட்டேன். இந்த ஆண்டு வேறு கடுவன் தேடுகிறேன். வடக்கு டகோட்டாவில் ஒன்று இருக்கிறது, பயன்பாட்டுத் தேர்வில் இரண்டாம் தரப் பரிசு மட்டும்தான். ஆனால் அதனுடைய ஈற்றில் சோதனைக்கு வந்த எட்டும் தண்ணீரில் தயங்காமல் இறங்கியிருக்கின்றன. ஏப்ரலில் பனி உருகியதும் போய்ப் பார்க்க வேண்டும்.